ராக்கெட்டில் முந்தியவர்கள் கணினியில் ஏன் பின்தங்கினார்கள்? முதலாளித்துவம், சோசலிசம், தொழில்நுட்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதை முதலாளித்துவம் என்கிறீர்கள், எதைச் சோசலிசம் என்கிறீர்கள்?

தொழிற்சாலையும் மூலதனமும் பெரும்பாலும் தனியார் கையில் இருந்து, எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை விலையும் லாபமும் தீர்மானித்தால் அது முதலாளித்துவம். அவை அரசின் கையில் இருந்து, உற்பத்தியைத் திட்டக்குழு தீர்மானித்தால் சோசலிசம். சோவியத் ஒன்றியத்தில் 1921-இல் அமைந்த கோஸ்பிளான் என்ற திட்டக்குழு அந்த வேலையைச் செய்தது. இலவச மருத்துவமனையும் முதியோர் ஓய்வூதியமும் இருப்பதாலேயே ஒரு நாடு சோசலிச நாடாகிவிடாது. ஸ்வீடனைச் சோசலிசத்தின் வெற்றி என்று கொண்டாடுபவர்களும், ரேஷன் கடையைக் கண்டாலே சோசலிசம் வந்துவிட்டது என்று மிரள்பவர்களும் செய்வது ஒரே தவறுதான்.

இங்கே பெரும்பாலும் சோவியத் ஒன்றியத்தையும் அமெரிக்காவையும் வைத்தே பேசுகிறேன். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே இலக்குகளுக்காக, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே ஓடிய நாடுகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சோடி வரலாற்றில் கிடைப்பது அரிது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எது சிறந்தது?

புதிதாகக் கண்டுபிடிப்பதில் இரண்டுமே தேறின. கண்டுபிடித்ததை வீடுதோறும் கொண்டுசேர்ப்பதில் சந்தை வென்றது. போட்டி கூட நெருக்கமாக இல்லை. ஆனால் வாங்கக் காசில்லாதவர்களுக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க வைப்பதில் சந்தை அடிக்கடி கையை விரித்திருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் தொண்டை வற்றும் வரை நீள்கிறது.

சொத்து யாருடையது என்பதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. புதிய யோசனையோடு வருபவனை ஒருவர் திருப்பி அனுப்பினால், அவன் தட்டுவதற்கு அடுத்த கதவு உண்டா? கீழே வரும் பதில்களில் இந்தக் கேள்வி பல வேடங்களில் திரும்பத் திரும்ப வரும்.

சோவியத் விஞ்ஞானிகளுக்குத் திறமை குறைவா?

இல்லவே இல்லை. லேசருக்கு அடிப்படையான ஆய்வுக்காக 1964-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் இருவர், நிக்கோலாய் பாசோவும் அலெக்சாந்தர் புரோகரோவும், மாஸ்கோவில் வேலை செய்தவர்கள். 2000-ஆம் ஆண்டின் இயற்பியல் பரிசு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஜாக் கில்பி, தொகுப்புச் சுற்று எனப்படும் சிப்பை 1958-இல் செய்து காட்டியவர். அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் லெனின்கிராடின் ழோரஸ் அல்ஃபெரோவ். குறைகடத்திகளை அடுக்கடுக்காக வளர்க்கும் அவருடைய ஆய்வு, குறுந்தகடு படிக்கும் கருவியில் இருக்கும் லேசர் வரை நீண்டது. அவர் பிறகு ரஷ்ய நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் பட்டியலில் உறுப்பினராகவும் இருந்தார். குறுந்தகடு படிக்கும் கருவியை வீட்டுப் பொருளாக்கி விற்றவர்களோ ஜப்பானின் சோனியும் நெதர்லாந்தின் பிலிப்ஸும்.

இன்னொரு கதை. மின்காந்த அலைகள் ஒரு பொருளின் விளிம்பில் பட்டு எப்படிச் சிதறுகின்றன என்று பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1962-இல் மாஸ்கோவில் எழுதினார். ராணுவத்துக்குப் பயன்படாது என்று கருதி அதை வெளியிட அனுமதித்தார்கள். அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் மொழிபெயர்ப்பைப் படித்து, ராடாருக்குச் சிக்காத விமானத்தை வடிவமைக்க அதையே அடித்தளமாகக் கொண்டார். அறிவு ஓரிடத்தில் பிறந்தது, அதன் பயன் வேறிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு எங்கேதான் சறுக்கியது?

தொழிற்சாலை வாசலில். சோவியத் தோல்வியைப் பேசும்போது எல்லோரும் கிரெம்ளினைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவர் ஆலையின் இயக்குநர்.

அவருக்கு ஓர் ஆண்டு இலக்கு வரும். அதை எட்டினால் ஊக்கத்தொகை, தவறினால் கண்டனம். ஆய்வுக்கூடம் ஒன்று மேம்பட்ட இயந்திரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொருத்த வேலையைச் சில வாரங்களாவது நிறுத்த வேண்டும், தொழிலாளர்களுக்குப் புதிதாகப் பயிற்சி தர வேண்டும், உதிரிபாகங்களுக்கு வேறொரு அமைச்சகத்தின் வாசலில் நிற்க வேண்டும். அந்த ஆண்டின் இலக்கு நிச்சயமாகத் தவறும். எல்லாம் நன்றாக முடிந்து உற்பத்தி கூடினால் என்ன பரிசு? அடுத்த ஆண்டு இலக்கு உயரும். ஆக, புதுமையை ஏற்றால் முதலில் தண்டனை, பிறகு கூடுதல் சுமை. புத்திசாலி இயக்குநர் என்ன செய்வார்? ஆலையின் உண்மையான திறனை மேலே சொல்லாமல் மறைப்பார், கொஞ்சம் கச்சாப் பொருளைப் பதுக்கி வைப்பார், மாதக் கடைசியில் இரவு பகலாக ஓட்டி எண்ணிக்கையை நிரப்புவார். அவர் சோம்பேறியோ துரோகியோ அல்ல. விதிகளைச் சரியாகப் புரிந்துகொண்ட மனிதர்.

கணிதமேதை லியோனித் கன்டரோவிச்சைச் சுற்றி ஒரு கதை உண்டு. 1939-இல் ஒட்டுப்பலகை ஆலைக்கு உதவப் போய், ஒருபடித் திட்டமிடல் என்ற, இருப்பதை வீணாக்காமல் பங்கிடும் புதிய கணித முறையையே உருவாக்கியவர் அவர். 1975-இல் பொருளாதார நோபல் அதற்காகத்தான் கிடைத்தது. அதே முறையைக் கொண்டு லெனின்கிராடின் ரயில்பெட்டி ஆலை ஒன்றில் இரும்புத் தகட்டை வீணாகாமல் வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கழிவு மளமளவென்று குறைந்தது. வந்தது வம்பு. உருக்காலைக்கு இவ்வளவு கழிவு இரும்பு கொடுக்க வேண்டும் என்று அந்த ஆலைக்கு ஓர் இலக்கு இருந்தது, அது தவறிப்போனது! சிக்கனத்தைத் தண்டிக்கும் ஏற்பாட்டைச் சட்டம் போட்டு உருவாக்குவதென்றால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது.

ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் இதே நோயின் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். நட்டமடைந்த ஆலையை அரசு எப்போதும் தூக்கி நிறுத்தும், மூட விடாது. மூடப்படும் பயமே இல்லாத இடத்தில் பழைய சரக்கை மாற்ற வேண்டிய அவசரமும் இல்லை. வாங்குபவர் வேறெங்கும் போக முடியாது. வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அப்படியென்றால் விண்வெளியில் மட்டும் எப்படி வென்றார்கள்?

1957 அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின், 108 நிமிடப் பயணம். இவை விளம்பரம் அல்ல, உண்மையான சாதனைகள். காரணமும் எளிது. ராணுவ ராக்கெட்டுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர், அவர் நாட்டின் தலைமை. இலக்கு தெளிவானது. எந்த ஆலையிலிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளலாம். மேலே போனதா, வெடித்ததா என்பதில் கணக்குப் புரட்டவும் முடியாது. இப்படிப்பட்ட ஒற்றை இலக்குக்கு மையத் திட்டமிடல் பொருந்தும். போர்க்காலத்தில் முதலாளித்துவ நாடுகளும் இதையே செய்கின்றன. பெனிசிலினை 1928-இல் கவனித்தவர் பிளெமிங்; ஆனால் அது படைவீரர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது 1944 வாக்கில், அமெரிக்க அரசு பணமும் ஆய்வுக்கூடமும் தந்து தனியார் நிறுவனங்களை ஒன்றாக இழுத்துப் பிடித்த பிறகு.

சோவியத் ராக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரல்யோவ் 1938-இல் கைதாகி, கொலிமா என்ற கடுங்குளிர்ப் பகுதியின் சிறை முகாமில் பற்களை இழந்து, பிறகு கைதிகள் வேலை செய்த வடிவமைப்புக்கூடத்தில் உழைத்தவர். அவர் பெயரை 1966-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அறிந்தது. அந்த வெற்றியின் விலைப்பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலவுப் போட்டிக்கு வருவோம். வழக்கமான பாத்திரங்கள் இங்கே இடம் மாறி நிற்கின்றன. அமெரிக்கா நாசா என்ற ஒற்றை அரசு அமைப்பின் கீழ் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை ஒரே தேதியை நோக்கி ஓட வைத்தது. திட்டமிட்ட பொருளாதாரம் என்று நாம் சொல்லும் நாட்டில் கொரல்யோவும், வேறொரு வடிவமைப்புக்கூடத்தின் தலைவர் செலொமெயும், எஞ்சின் வல்லுநர் க்ளுஷ்கோவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நிலவில் மனிதனை இறக்குவது என்ற முடிவே 1964 ஆகஸ்டில்தான் வந்தது, கென்னடியின் அறிவிப்புக்கு மூன்று ஆண்டுகள் கழித்து. எரிபொருள் எது என்பதில் கொரல்யோவுக்கும் க்ளுஷ்கோவுக்கும் மூண்ட சண்டையால், பெரிய எஞ்சின் செய்யத் தெரிந்தவர் ஒதுங்கிக்கொண்டார். விமான எஞ்சின் செய்பவரிடம் போய், முதல் அடுக்கில் 30 சிறிய எஞ்சின்களை வைத்து என்-1 ராக்கெட்டைக் கட்டினார்கள். அமெரிக்காவின் சாட்டர்ன்-5-இல் அதே இடத்தில் ஐந்தே எஞ்சின்கள். என்-1 நான்கு முறை ஏவப்பட்டது, 1969-இல் இரண்டு முறை, 1971-இலும் 1972-இலும் ஒவ்வொரு முறை. நான்கும் தோல்வி.

ஆகவே சோசலிசம் என்றால் ஒத்துழைப்பு, முதலாளித்துவம் என்றால் போட்டி என்று பாடப்புத்தகம் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. போட்டி இரண்டு இடத்திலும் இருந்தது. வாடிக்கையாளருக்காக நடக்கும் போட்டிக்கும் அமைச்சரின் தயவுக்காக நடக்கும் போட்டிக்கும் வேறுபாடு உண்டு, அவ்வளவுதான்.

கணினியில் என்ன நடந்தது?

தொடக்கம் அருமையாகவே இருந்தது. போரில் சிதைந்த கீவ் நகருக்கு அருகே, பழைய மடாலயக் கட்டடம் ஒன்றில் செர்கேய் லெபெதேவ் 1950-51-இல் மெஸ்ம் என்ற கணினியை இயக்கினார். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் கணினிகளில் அது ஒன்று. 1960களின் இறுதியில் அவர் குழு உருவாக்கிய பெஸ்ம்-6 நொடிக்குப் பத்து லட்சம் கணக்கீடுகளைச் செய்தது. அந்தக் காலத்துக்கு மரியாதைக்குரிய வேகம். ஆனால் இருபது ஆண்டுகளில் செய்யப்பட்டவை சுமார் 350 மட்டுமே.

அதற்குள் ஐபிஎம் 1964-இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்துவிட்டது. சிறியது முதல் பெரியது வரை எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள் ஓடும். சோவியத்தில் ஒவ்வொரு அமைச்சகமும் தனித்தனி இயந்திரம் வைத்திருந்தது. ஒன்றின் நிரல் மற்றொன்றில் ஓடாது. 1967 இறுதியில் தலைமை ஒரு முடிவெடுத்தது: சொந்த வடிவமைப்புகளைப் பின்னுக்குத் தள்ளி, ஐபிஎம் 360-ஐப் பார்த்துச் செய்வோம், அதன் மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிடும். லெபெதேவ் கடுமையாக எதிர்த்தார். ஒரு மாதிரியைப் பிரித்துப் பார்த்து நகலெடுத்து முடிப்பதற்குள் அசல் இரண்டு தலைமுறை முன்னே போயிருக்கும் என்பது அவர் தரப்பின் வாதம். அப்படியே நடந்தது.

அந்த முடிவை முழு முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மென்பொருள் சிதறிக் கிடந்தது உண்மையான சிக்கல். ஆனால் அது எல்லோருக்கும் சேர்த்து எடுக்கப்பட்ட ஒரே முடிவு. ஐபிஎம் தவறான பாதையில் போனால் டெக் நிறுவனம் சிறிய கணினி செய்து பிழைத்தது. டெக் அசந்தபோது ஆப்பிள் மேசைக்கு வந்தது. மாஸ்கோ தவறினால் விளாதிவஸ்தோக் வரை எல்லோரும் தவறினார்கள்.

சோவியத் நாட்டுக்கும் இணையம் போன்ற திட்டம் இருந்ததாமே?

இருந்தது, அதுவும் இரண்டு முறை. 1959-இல் ராணுவக் கணினி வல்லுநர் அனத்தோலி கித்தோவ், ராணுவக் கணினிகளை வலையாக இணைத்துப் பொருளாதாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று நாட்டின் தலைவர் குருசேவுக்கு எழுதினார். கடிதத்தில் ராணுவத்தையும் கொஞ்சம் விமர்சித்திருந்தார். பதவியும் கட்சி உறுப்பினர் இடமும் போயின.

அடுத்து கீவின் விக்டர் க்ளுஷ்கோவ் (ராக்கெட் எஞ்சின் க்ளுஷ்கோ வேறு, இவர் வேறு). ஆலைகளையும் கிடங்குகளையும் மாஸ்கோவோடு இணைக்கும் ஓகாஸ் என்ற மாபெரும் வலையமைப்பை 1962 முதல் முன்மொழிந்துகொண்டே இருந்தார். 1970 அக்டோபர் 1 அன்று அது அரசியல் தலைமைக்குழுவின் மேசைக்கு வந்தது. நிதியமைச்சர் வசீலி கார்புசோவ் எதிர்த்தார். க்ளுஷ்கோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, கோழிப்பண்ணையில் விளக்கை ஏற்றி அணைக்கக் கணினி நன்றாக உதவுகிறது, அந்த மாதிரி எளிய வேலையிலிருந்து தொடங்கலாம் என்ற ரீதியில் அமைச்சரின் பேச்சு போயிருக்கிறது. உண்மையான காரணம் கோழி அல்ல. வலையமைப்பு யார் கையில் இருக்கும் என்பதில் நிதி அமைச்சகத்துக்கும் மத்தியப் புள்ளியியல் துறைக்கும் பிடிவாதம். தரவு வெளிச்சத்துக்கு வந்தால் ஆலை இயக்குநர்களின் பதுக்கல் முதல் அமைச்சகங்களின் புள்ளிவிவரம் வரை எல்லாம் வெளிவரும். திட்டம் துண்டு துண்டாக நறுக்கப்பட்டது. க்ளுஷ்கோவ் 1982-இல் இறந்தார்.

ஆனால் இணையத்தை உருவாக்கியதும் அமெரிக்க அரசுதானே? இதில் முதலாளித்துவத்துக்கு என்ன பெருமை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பாதி சரி. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை உருவாக்கிய ஆர்ப்பா என்ற அரசு அமைப்பு ஸ்புட்னிக் தந்த அதிர்ச்சியில் 1958-இல் பிறந்தது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு முதல் செய்தி போனபோது செலவு அரசுடையது. வைய விரிவு வலை 1989-இல் முளைத்தது பல அரசுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் ஆய்வுக்கூடத்தில். 1993-இல் அதை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று செர்னே அறிவித்தது. டிரான்சிஸ்டர் 1947-இல் பிறந்த பெல் ஆய்வுக்கூடமோ, போட்டியே இல்லாமல் அரசு ஒழுங்குபடுத்திய தொலைபேசி ஏகபோகத்தின் சொத்து. 1960களின் முதல் பாதியில் அமெரிக்காவில் விற்ற சிப்புகளின் பெரும்பகுதியை வாங்கியவை அப்பல்லோ திட்டமும் ஏவுகணைத் திட்டமும்தான். தனி மனிதன் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தான் என்ற கதையைச் சிலிக்கான் பள்ளத்தாக்கு தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது.

மீதிப் பாதிக்கு வருவோம். தகவலைச் சிறு பொட்டலங்களாக உடைத்து அனுப்பலாம் என்று 1960களில் அமெரிக்கப் பொறியாளர் பால் பேரன் சொன்னபோது, அந்த ஏகபோகத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி அது நடக்காது என்று மறுத்துவிட்டது. முதலாளித்துவ நிறுவனத்துக்குள்ளும் ஒரு கார்புசோவ் இருந்தார் என்று பொருள். வேறுபாடு, யோசனை அந்த மேசையோடு சாகவில்லை. ஆர்ப்பா வேறு வழியில் அதைச் செய்தது.

1957-இல், டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷாக்லியின் நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் வெறுத்துப்போய் வெளியேற முடிவெடுத்தார்கள். அவர்களுக்குப் பணம் தேடிய ஆர்தர் ராக் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகினார், எல்லாம் மறுத்தன. கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்ட் பணம் தந்தார். ஃபேர்சைல்டிலிருந்து பிரிந்தவர்கள் 1968-இல் இன்டெலைத் தொடங்கினார்கள். இன்டெலின் முதல் நுண்செயலி 4004, எந்தத் தொலைநோக்குத் திட்டத்திலும் இல்லாதது. பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனம் கேட்ட வேலையிலிருந்து 1971-இல் அது வந்தது. விற்கும் உரிமை முதலில் பிசிகாமிடம் இருந்தது. பிறகு 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து இன்டெல் அதை மீட்டது. மாஸ்கோவில் முப்பது கதவுகள் இல்லை. முதல் கதவு மூடினால் கதை முடிந்தது.

இன்றைய கணினிகளைக் கொண்டு முழுப் பொருளாதாரத்தையும் திட்டமிட முடியாதா?

போலந்து அறிஞர் ஆஸ்கர் லாங்கே 1960களிலேயே, சந்தை என்பது கணினிக்கு முந்திய காலத்துக் கணக்கிடும் கருவி, இனி அது எதற்கு என்ற தொனியில் எழுதினார். அதற்கும் முன்பே, 1945-இல், சந்தையை ஆதரித்த பொருளாதார அறிஞர் ஹாயக் வேறொரு கோணத்தில் தடை எழுப்பியிருந்தார். சிக்கல் கணக்குப் போடுவதில் இல்லை. கணக்குக்குத் தேவையான தகவல் ஒவ்வொரு கடைக்காரரிடமும் விவசாயியிடமும் சிதறிக் கிடக்கிறது, அதில் பெரும்பகுதி எழுதி வைக்கப்படாதது என்றார். ஹாயக்கின் அரசியலை நான் ஏற்பதில்லை, ஆனால் இந்த இடத்தில் அவரை மறுக்க வழி தெரியவில்லை. ஆலை இயக்குநர் பொய் சொல்லக் காரணம் இருக்கும் வரை, பெரிய கணினி பொய்யை வேகமாகக் கூட்டிப் போடும்.

ஒரு நேர்மையான முயற்சி சிலியில் நடந்தது. சோசலிச அதிபர் அயெந்தேயின் அரசு 1971 முதல் பிரிட்டனின் மேலாண்மை வல்லுநர் ஸ்டாஃபோர்ட் பியரை அழைத்து, தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் டெலெக்ஸ் இயந்திரங்களால் ஆலைகளை இணைத்தது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் நாட்டையே முடக்கியபோது, ஓடிக்கொண்டிருந்த லாரிகளை எங்கே அனுப்புவது என்று அந்த டெலெக்ஸ் வலை உதவியது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு எல்லாம் முடிந்தது. இரண்டே ஆண்டுகள் வாழ்ந்த ஒன்றை வைத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ எப்படிச் சொல்வது?

லைசென்கோ?

மரபணுவியலையே மறுத்த வேளாண் அறிஞர் லைசென்கோவின் பேச்சைக் கேட்டு, 1948-இல் அந்தத் துறையைச் சோவியத் ஒன்றியம் அதிகாரபூர்வமாக ஒதுக்கியது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, உலகின் விதைகளைச் சேகரித்த வவீலோவ் சராத்தோவ் சிறையில் இறந்துபோயிருந்தார். இது சோசலிசத்தின் குற்றமா, சர்வாதிகாரத்தின் குற்றமா என்று வாதாடுவார்கள். பிரிப்பது கடினம், எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரே முதலாளி என்றால், அந்த முதலாளியின் மூடநம்பிக்கை எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் சட்டமாகிவிடும். முதலாளித்துவத்துக்கும் இதில் வெள்ளைச் சட்டை கிடையாது. 1920களில் பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தார்கள், அதன் நஞ்சைப் பற்றி நிறுவனங்களே பணம் கொடுத்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சமாதானம் சொன்னார்கள். புவி வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1965-இல் எதிராக எழுதியபோது அவருக்குச் சில ஆய்வு நிதிகள் நின்றன, ஆனால் வேறு நிதி கிடைத்தது, சிறை கிடைக்கவில்லை.

சீனாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

பட்டியலே உடையும் இடம் அது. சூரியத் தகட்டைப் பாருங்கள். சிலிக்கான் மின்கலம் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல் வந்தது. முதல் நல்ல வாடிக்கையாளர் விண்வெளி. 2000-இல் ஜெர்மனி, சூரிய மின்சாரத்துக்குக் கூடுதல் விலையைச் சட்டப்படி உறுதி செய்து சந்தையைச் செயற்கையாக உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் படித்த ஷி செங்ரோங், சீனாவின் ஊஷி நகராட்சியின் பணத்தோடு 2001-இல் சன்டெக் என்ற சூரியத் தகட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 2005-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனார். 2013-இல் அதன் முதன்மை ஆலை திவாலானது. அதே வேலையை வேறு நகரங்களின் ஆதரவோடு பல நிறுவனங்கள் செய்துகொண்டிருந்ததால் தொழில் நிற்கவில்லை, விலை மேலும் சரிந்தது. அரசு வங்கி, கட்சி, தனியார் லாபம், நகரங்களுக்கு இடையே வெட்டுக்குத்து எல்லாம் ஒரே பானையில். கோஸ்பிளானுக்கும் இதற்கும் உறவு மிகக் குறைவு.

இந்தியா எந்தப் பக்கம்?

அரசியலமைப்பின் முகவுரையில் 1976 முதல் சோசலிசம் உண்டு. நடைமுறையில் நம்மிடம் இருந்தது லைசென்ஸ் ராஜ்யம்: சொத்து தனியாருடையது, அனுமதி அதிகாரியுடையது. இரண்டு முறைகளின் குறைகளையும் ஒரே வீட்டில் குடிவைத்தோம். 1991-இல் சுமார் 85 கோடி மக்களுக்கு ஏறத்தாழ 50 லட்சம் தொலைபேசி இணைப்புகள்; விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காலத்திலும் ஒரு விதிவிலக்கு: 1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆய்வுக்கூடம் நம் வெப்பத்துக்கும் தூசிக்கும் தாங்கும் கிராமத் தொலைபேசி நிலையங்களை உருவாக்கியது. தெருமுனைகளில் மஞ்சள் எழுத்தில் மின்னிய எஸ்டிடி பூத்துகளை நடத்தியவர்களோ தனிநபர்கள். அரசு கண்டுபிடித்தது, சிறு வியாபாரி பரப்பினார். நமக்கு நன்றாகப் பொருந்திய ஏற்பாடு அது என்பேன்.

ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் வீழ்ச்சியைச் சோசலிசத் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவசரப்பட வேண்டாம். முதலாளித்துவத்தின் செல்லப் பிள்ளையான கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இலேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார்; நிறுவனம் அதைத் தள்ளிப்போட்டது; 2012-இல் திவால் மனு கொடுத்தது. இரண்டும் மாற மறுத்தன. ஊட்டி ஆலை நோயுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்ட பிறகும் ஊழியர்களையும் அரசுப் பணத்தையும் நிச்சயமின்மையில் பல ஆண்டுகள் தொங்கவிட்டது. கோடக்கின் இடத்தைப் பிடிக்க ஜப்பானியர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

சந்தை எங்கே தோற்றது?

மருந்தில். பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958-இல் முன்மொழிந்தவர் சோவியத் பிரதிநிதி விக்டர் ழ்தானோவ். அந்நாடு பின்னர் நூறு கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசி டோஸ்களைக் கொடையாகத் தந்தது. குறைந்த மருந்தில் நிறையப் பேருக்குக் குத்த உதவிய இருமுனை ஊசி, அமெரிக்காவின் வையத் நிறுவனத்துடையது. உரிமத்தொகையை அது விட்டுக்கொடுத்தது. 1980-இல் நோய் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. போலியோவில் அமெரிக்கரான சேபினின் சொட்டு மருந்தைக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்து நிரூபித்தவர் மாஸ்கோவின் மிகயீல் சுமக்கோவ். பனிப்போரின் உச்சத்தில் நடந்தவை இவை.

காப்புரிமை பற்றிய சண்டை நம் சென்னையிலேயே நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அந்த மறுப்புக்கு அடிப்படையான சட்டப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்தது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆகும் மருந்தின் இந்திய நகல் அப்போது பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்த நகலைச் செய்தவர்களும் லாபம் தேடும் தனியார் நிறுவனங்கள்தான், அந்த மருந்தை முதலில் உலகுக்குக் கொண்டுவந்ததும் ஒரு தனியார் நிறுவனம்தான்.

இனி வரும் சிக்கல்களுக்கு எது உதவும்?

ஒரே ஓர் எடுத்துக்காட்டு: நுண்ணுயிர்க்கொல்லி. புதிய மருந்து வந்தால், கிருமிகள் பழகிவிடாமல் இருக்க அதை முடிந்தவரை பயன்படுத்தாமல் பூட்டி வைக்க வேண்டும். விற்காமல் இருப்பதே நல்லது என்ற சரக்கைச் சந்தை எப்படிக் கையாளும்? அக்கேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனம் அப்படிப்பட்ட மருந்துக்கு 2018 ஜூனில் ஒப்புதல் பெற்றது. 2019 ஏப்ரலில் திவாலானது.

பிரிட்டன் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. 2022-இல், இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு எத்தனை டோஸ் விற்றாலும் விற்காவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு நிலையான சந்தாத் தொகையை அரசு மருத்துவச் சேவை தரத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி பவுண்டு வரை. மருந்தைச் செய்பவர் தனியார். வாங்குபவர் ஒரே ஒருவர், அவர் அரசு.